விலை போனவன் என்று யாரைச் சொல்கிறீர்கள்?



மூன்று நாளாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் நாட்டுக்காகக் கோடிகளைத் தூக்கி எறிந்தாராம், இன்றைய பிள்ளைகள் ஏலத்தில் விலை போகிறார்களாம். கீழே நாற்பது கும்பிடு. யாரைக் குத்த இதைப் போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். நம் மதகடிப்பட்டுப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கபடி அணி ஒன்று ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. "படிப்பை விட்டுட்டு விலை போயிட்டான்" என்று அவன் அம்மாவிடமே போய்ச் சொன்னவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

முதலில் கணக்கைச் சரி செய்வோம். கிருஷ்ணன் 1937-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். பயிற்சி கொடுத்தவர் அவர் அப்பா டி.கே.ராமநாதன், தென்காசிக்காரர். 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். அதை வென்ற முதல் ஆசியர் அவர்தான். 1959-ல் ஜாக் கிராமர் என்ற அமெரிக்கர் தன்னுடைய தொழில்முறை ஆட்டக்குழுவில் சேர மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாகச் சொன்னார். அன்று டாலர் ஐந்து ரூபாய்க்கும் குறைவு. ஏழு லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். அந்தக் காலத்துக்கு மலைபோன்ற பணம்தான், ஆனால் கோடிகள் இல்லை. கிருஷ்ணன் மறுத்தது உண்மை.

அவர் மறுத்ததில் பணத்தோடு இன்னொரு விஷயமும் இருந்தது. அதை உங்கள் செய்தி மறைக்கிறது. அன்றைய சட்டப்படி, கூலி வாங்கி ஆடுகிறவன் விம்பிள்டனுக்குள் கால் வைக்க முடியாது, டேவிஸ் கோப்பையில் நாட்டுக்கு ஆட முடியாது. கையெழுத்துப் போட்டிருந்தால் 1960, 1961 இரண்டு ஆண்டும் அவர் ஆடிய விம்பிள்டன் அரையிறுதிகள் நடந்திருக்காது. 1966-ல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சைத் தோல்வியின் விளிம்பிலிருந்து திரும்பி வந்து வென்று, இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோன ஆட்டமும் நடந்திருக்காது. அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கையில் சோறு, இன்னொரு கையில் பேர், ஒன்றை எடுத்தால் மற்றதைப் பிடுங்கிவிடுவேன் என்று நின்றது ஒரு சட்டம். அந்தச் சட்டத்தை விட்டுவிட்டு, அதில் மாட்டிய ஆளைத் தியாகி என்கிறீர்கள்.

சரி, மற்ற கையை எடுத்தவர்கள் என்ன, துரோகிகளா? ஆஸ்திரேலியாவின் ராட் லேவர் 1962-ல் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டுத் தொழில்முறைக்குப் போனார். ஐந்தாண்டு விம்பிள்டன் அவருக்குக் கதவைச் சாத்தியது. 1968-ல் சட்டம் மாறியதும் திரும்பி வந்து வென்றார். 1969-ல் மறுபடியும் நான்கையும் வென்றார். அவரை யாரும் விலை போனவர் என்று சொல்வதில்லை.

கூலி வாங்காமல் ஆடுவதுதான் தூய்மை என்ற எண்ணமே வயிறு நிறைந்தவர்கள் உண்டாக்கியது. மகாராஷ்டிரத்து கே.டி.ஜாதவை நினைத்துப் பாருங்கள். 1952 ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம். சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் தனி ஆளாக வாங்கித் தந்த முதல் பதக்கம். அவர் அங்கே போவதற்கு அவருடைய கல்லூரி முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்தார். (தலைமையாசிரியராக இருந்த என் மாணவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) பிறகு போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, 1984-ல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது அவர் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் வந்தது. காசு வாங்காத தூய்மை அவர் வீட்டில் எதற்கு உதவியது?

பணம் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அந்தப் பையனுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஹாக்கி உண்டு. 1950-களில் அங்கே ஆறே அணிகள். எல்லோரும் சம்பளத்துக்கு ஆடுபவர்கள், ஆனாலும் பலர் கோடையில் வேறு வேலைக்குப் போய்த்தான் குடும்பம் நடத்தினார்கள். டெட்ராய்ட் அணியில் டெட் லிண்ட்சே என்றொருவர். அந்த அணி நான்கு முறை கோப்பை வென்றபோது உள்ளே நின்றவர். 1956-57 பருவத்தில் 30 கோல், 55 கோலுக்குத் துணை. அவருடைய மிகச் சிறந்த பருவம் அதுதான். அதே 1957-ல் அவர் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். என்ன பெரிதாகக் கேட்டார்? எங்கள் சம்பளத்தில் பிடிக்கிற ஓய்வூதியப் பணத்தின் கணக்கைக் காட்டுங்கள் என்றார். ஆண்டுதோறும் ஜி.பி.எஃப். சீட்டு வரவில்லை என்றால் நாம் எத்தனை முறை அலைந்திருப்போம்! அதைத்தான் அந்த மனிதரும் கேட்டார்.

அந்தக் கோடையிலேயே அவரைச் சிகாகோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள். முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் வந்த அணி அது. அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. 1958-ல் சங்கமும் உடைந்தது. நிலையான சங்கம் ஒன்று வர 1967 வரை ஆயிற்று. இன்று அங்கே ஆட்டக்காரர்கள் தாங்களே வாக்களித்துத் தரும் சிறந்த வீரர் விருதுக்கு அவர் பெயர்தான்.

நம் செவ்வாய்ச் சந்தையில் பார்க்காததா? துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து இரண்டு பேர் விலை பேசுவார்கள், மாடு பக்கத்தில் அசை போட்டுக்கொண்டு நிற்கும். லிண்ட்சேவை அப்படித்தான் கைமாற்றினார்கள். விலை போவது என்றால் அது. தன் உழைப்புக்குத் தானே உட்கார்ந்து விலை பேசுகிறவனை அந்த வார்த்தையால் அடிக்காதீர்கள். நம் வீட்டுப் பொறியாளர் பிள்ளைகள் பெங்களூரில் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறார்கள். சம்பளம் எத்தனை சதவீதம் ஏறியது என்று இதே குழுவில் லட்டுப் படம் போடுகிறோம். முழங்காலை வைத்துச் சம்பாதிப்பவன் கேட்டால் மட்டும் தேசபக்தி ஞாபகம் வருகிறதா?

படிப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: அவன் கல்லூரியை விடவில்லை, நான் கேட்டுவிட்டேன்.

என் மாணவர்களில் வழக்கறிஞர்கள் இரண்டு பேர் இதைப் படிப்பீர்கள். அடுத்த வாரம் அவன் கையெழுத்துப் போட வேண்டும். தாள் முழுக்க ஆங்கிலம். காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, பெஞ்சில் உட்கார வைத்தால் முழுச் சம்பளம் உண்டா, வேறு அணிக்கு மாற்ற அவன் சம்மதம் வேண்டுமா, இடையில் நிற்கும் ஏஜெண்டுக்கு எவ்வளவு, நாளைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை வந்தால் விடுவார்களா. இந்த ஐந்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். தாளை நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன், யாராவது ஒருவர் வந்துவிடுங்கள்.