வரைந்தவர் யார்?

வோல்வோ பி1800 ஸ்போர்ட்ஸ் காரை இத்தாலியக் கைவண்ணம் என்றே பல்லாண்டுகள் நம்பியிருந்தோம். வரைந்தவரோ பெல்லே பெட்டர்சன் என்னும் சுவீடன் இளைஞர். 1957-இல் இத்தாலியில் ஃப்ரூவாவின் பட்டறையில் பணியாற்றியவர், வயது 25. இத்தாலியர் வரைந்ததே வேண்டுமென்றிருந்த வோல்வோவின் தலைவர் குன்னர் எங்கெல்லாவ், வந்த வரைபடங்களுள் யாருடையதென்று அறியாமல் இவருடையதையே தேர்ந்தார். உண்மை தெரிந்ததும் சினந்தார். வடிவத்தை விடவில்லை; பெயரைத்தான் மறைத்தார். ஆசிரியர் பெயர் நீக்கிய நூலைக் கண்டால் கொதிக்கும் நாம் இதை வெறும் வணிகத் தந்திரம் என்று கடந்துவிடலாகாது.

அந்தக் கார் 1961 முதல் 1973 வரை உருவானது. நியூயார்க்கின் இர்வ் கார்டன் என்னும் ஆசிரியர் 1966-இல் வாங்கிய ஒரே வண்டியில் 2013-இல் 30 லட்சம் மைல்களைக் கடந்தார். பெட்டர்சனோ பின்னாளில் படகுகளை வடிவமைத்தார். 1964, 1972 ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகளில் பதக்கமும் வென்றார். பதக்கப் பட்டியலில் அவர் பெயர் அவர் பெயராகவே இருக்கிறது.