பின்னச்சைப் பலப்படுத்தினால் மட்டும் போதுமா?

சேலம், நாமக்கல் சமவெளியில் விளைச்சலை வயலிலிருந்து விலை போகும் இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது பாதி விவசாயம். குச்சிக் கிழங்கைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் உள்ளே கறுப்புக் கோடு ஓடிக் கெடத் தொடங்கும். மாவுச்சத்தின் பாயிண்ட் கணக்கில் விலை பேசப்படுவதால் தாமதமான ஒவ்வொரு நாளும் நஷ்டமே. மோகனூர் ஆலைக்குப் போகும் கரும்பும் வெட்டிய பின் காத்திருக்காது. எனவே அறுவடைக் காலத்தில் வண்டி கிடைப்பது மழை கிடைப்பதற்குச் சமம்.

இதனால்தான் சிறு விவசாயிகள் பலர் கைமாறிய பழைய பிக்கப் வண்டிகளை வாங்கி வைத்திருக்கிறார்கள். பால், காய்கறி, உரமூட்டை, தீவன மூட்டை ஆகியவற்றுக்கு அந்த வண்டி போதும். அறுவடை வந்ததும் அதன் பின்னால் ஒரு டிரெயிலரையும் மாட்டிவிட்டால் ஒரே நடையில் வேலை முடியுமே என்ற எண்ணம் எழுகிறது. பட்டறைக்குப் போனால், "பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்க்கலாம், பெரிய வண்டியின் அச்சை மாற்றலாம், தடித்த டயர் போடலாம்" என்ற யோசனை கிடைக்கிறது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லும் சங்ககிரியும், ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோடும் பக்கத்திலேயே இருக்கின்றன. பழைய சாமானுக்கும் பஞ்சமில்லை, கைத்திறனுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் செய்ய முடியும் என்பதாலேயே ஒரு வேலை செய்யத் தக்கதாகிவிடாது. பின்னச்சும் டயரும் சுமையைத் தாங்கும் உறுப்புகள். அந்தச் சுமையை நிறுத்துவது பிரேக். அதைக் கவனிக்காமல் பின்பக்கத்தை மட்டும் பலப்படுத்துவது, கிணற்றின் கைப்பிடிச் சுவரைக் கட்டாமல் பெரிய மோட்டார் வைப்பது போன்றதாகும்.

அச்சும் பல்சக்கரமும்

பின்னச்சில் இரண்டு வகை உண்டு. லாரிகளில் சுமை முழுவதையும் வெளிக்கூடான ஹவுசிங் தாங்குகிறது; உள்ளே இருக்கும் சாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு சரி. சாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் வண்டியோடு இருக்கும். பல பழைய ஜீப்புகளிலும் சிறு வண்டிகளிலும் சாஃப்டே சுமையையும் தாங்கிச் சக்கரத்தையும் சுற்றுகிறது. அது ஒடிந்தால் சக்கரம் தனியே கழன்று ஓடவும் கூடும். ஆகவே, தமது வண்டியில் இருப்பது எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டு அறிந்துகொள்வது நன்று.

வேறு வண்டியின் அச்சை மாட்டினால் கிரவுன், பினியன் பற்களின் கணக்கும் மாறும். கிரவுனில் 41 பல், பினியனில் 8 பல் இருந்த இடத்தில் 37-க்கு 9 உள்ள அச்சு வந்தால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வண்டி வேகமாக ஓடும். ஆனால் மேட்டில் திணறி, கிளட்ச் தேயும். பெரிய டயர் போட்டாலும் இதே கதைதான். இழுவைக்காகச் செய்த செலவு இழுவையையே குறைத்துவிடுவது வேடிக்கை அல்லவா?

டிரெயிலரின் மூக்குப் பாரத்தையும் கணக்கிட வேண்டும். 1,500 கிலோ டிரெயிலர் என்றால், அதில் பத்தில் ஒரு பங்காவது, அதாவது 150 கிலோ, கொக்கியின் மீது இறங்கினால்தான் டிரெயிலர் ஆடாமல் வரும். கொக்கி பின்னச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்து, இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர் இருந்தால், பின்னச்சில் கூடும் பாரம் 150 அல்ல, 200 கிலோ. அதே நேரத்தில் முன்னச்சில் 50 கிலோ குறைந்துவிடும். ஏற்றம் இறைத்த கிராமத்தில் இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் எழும். முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடி தளரும். முன்பிரேக்கின் பிடியும் குறையும்.

டயரில் எழுதியிருப்பது

டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து 106/104 என்பது போன்ற எண் இருக்கும். 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 104 என்றால் இரட்டை டயராகப் போடும்போது ஒவ்வொன்றும் 900 கிலோ தாங்கும். இது குறித்த அளவு காற்று இருக்கும்போது மட்டுமே பொருந்தும். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, சித்திரை வெயிலில் வெடித்துவிடும். தடித்த டயருக்கு அதிகக் காற்று வேண்டும் என்பதால் ரிம்மும் அதைத் தாங்குவதாக இருக்க வேண்டும். டயர் புதியது, ரிம் பழையது என்றால் பலம் ரிம்மின் அளவுதான்.

பழைய டயர் வாங்குவோர் பட்டனை மட்டும் பார்க்கிறார்கள். வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தும் பக்கச் சுவரில் வெடிப்பு கண்டிருந்தால் அது பாரம் இழுக்க உதவாது. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று கலந்து போடுவதும் கூடாது. இருபுறமும் உயரம் வேறுபட்டால் நேர்ச்சாலையிலும் உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் ஓயாமல் உழன்று தேயும்.

நிறுத்துவது யார்?

வண்டியின் பாரம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தியும் இரட்டிக்கும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால் அது இரண்டேகால் மடங்காகும். பிரேக் இல்லாத டிரெயிலரை நிறுத்தும் பொறுப்பு முழுவதும் பிக்கப்பின் தலையில் விழுகிறது. சேலம், நாமக்கல் நான்கு வழிச்சாலையில் முன்னால் போகும் பஸ் திடீரென நின்றால், பின்னால் வரும் டிரெயிலர் பிக்கப்பை ஒரு பக்கமாகத் தள்ளி மடக்கிவிடும்.

இதில் பலர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. சில பிக்கப்களில், பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ளது. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே அது பாரத்தை அறிகிறது. ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் வண்டி முன்போல் தாழாது. பாரம் இல்லை என்று வால்வு எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். பலப்படுத்தச் செய்த வேலையே பிரேக்கைப் பலவீனப்படுத்துகிறது.

சட்டத்தின் எல்லை

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆனது. இது கனரக வாகனங்களுக்கு உரிய வரம்பே தவிர, பழைய பிக்கப்புக்குக் கிடைத்த அனுமதி அல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையே எல்லை. அச்சை மாற்றியதால் அந்த எண் மாறிவிடாது.

உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவின்படி அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். டிரெயிலருக்கும் பதிவு வேண்டும். விபத்து நேர்ந்தால், மாற்றியமைத்த வண்டி என்பதையே காரணம் காட்டி இன்சூரன்ஸ் இழப்பீட்டில் வழக்கு எழும். ஒரு விபத்துக்கு நிலத்தை விற்று ஈடுகட்டும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

செலவைக் கணக்கிட்டால்

இரண்டு நடை அடித்தால் கட்டுப்படியாகாது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். ஆலை 15 கிலோமீட்டரில் இருந்தால் போக வர 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இரண்டரை லிட்டர் டீசல். லிட்டர் 100 ரூபாய் என்றே கொண்டாலும் 250 ரூபாய். ஒரு முறை பிடிபட்டுக் கட்டும் 20,000 ரூபாயில் எண்பது நடை போய் வரலாம். அச்சு மாற்றும் செலவு இதில் சேரவில்லை.

சாலையின் கணக்கும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சோதனையில், ஓர் அச்சின் சுமை இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று தெரியவந்தது. அதிகப் பாரத்தால் முதலில் பெயர்வது ஊராட்சியின் தார்ச்சாலை. அதில் நடந்து பள்ளிக்குப் போவது விவசாயியின் பிள்ளைகள்.

செய்யத்தக்கது

பழைய பிக்கப்புக்குச் செலவு செய்வதே தவறு என்பதில்லை. அது புதிதாக வந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவரச் செய்யும் செலவு நல்ல செலவு. ஒடிந்த ஸ்பிரிங் பட்டைக்கு அதே அளவுப் பட்டை, கையேடு சொல்லும் அளவில் நான்கு நல்ல டயர், பின்சக்கர பேரிங், ஆயில் சீல், பிரேக் லைனிங் ஆகியவை முதலில் வர வேண்டும். ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் பிரேக் டிரம்மில் இறங்கிப் பிடியைக் கெடுக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான் ஓர் உயிரைக் காக்கும்.

இதற்கு மேற்பட்ட பாரம் டிராக்டருக்கு உரியது. பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் அறுவடை நாளை முன்கூட்டிப் பேசி, முறை வைத்து ஒரு டிராக்டர் டிரெயிலரை வாடகைக்கு அமர்த்தினால் ஆளுக்கு விழும் பங்கு சிறியது. ஆலைகளும் கிழங்கு வண்டிகளை வாசலில் காக்க வைக்காமல் இறக்கி அனுப்பினால், ஒரே நடையில் எல்லாவற்றையும் ஏற்றும் நிர்ப்பந்தம் குறையும். அறுவடைக்கு முன் கிராமங்களில் பழைய வண்டிகளின் பிரேக்கையும் டயரையும் சோதித்துச் சொல்லும் முகாம்களை வேளாண்மைப் பொறியியல் துறை நடத்தினால் பெரும் உதவியாகும்.

விளைந்ததை ஒரு நாள் முன்னதாகச் சேர்ப்பது லாபம்தான். ஓட்டிச் சென்றவர் மாலையில் வீடு திரும்புவது அதைவிடப் பெரிய லாபம்.