உழவாரமும் ஏடும்

திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவத்தைக் காணுந்தோறும் நம் கண்ணில் முதற்படுவது அவர் கையிலுள்ள உழவாரமே. செந்தமிழ்ப் பதிகம் பாடிய நாவரசர், திருக்கோயில் வீதியிற் புற்செதுக்கும் கருவியைக் கைவிட்டாரல்லர். சைவநெறியும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நாற்படி வகுத்து, உடலாற் செய்யுந் தொண்டாகிய சரியையை முதற்படியாக வைத்தது. ஞானம் வேண்டுவோன் தொண்டினின்று தொடங்குக என்பதே நம் முன்னோர் கருத்து. அக்கருத்து இன்று நம் பாடசாலைகளில் எந்நிலையில் உள்ளது என்பதை இவ்விழா மலரிற் சிந்தித்தல் பொருத்தமாகும்.

நம் மாணவர் தொண்டு செய்யாதவரல்லர். சாரணராகவும் சிரமதானிகளாகவும் அவர்கள் வியர்வை சிந்துவதை நாமறிவோம். ஆயினும், தொண்டு வேறு, பாடம் வேறு என இரண்டையும் பிரித்துவிட்டோம். இதன் குறையை நாம் உணர்ந்த நாள் ஒன்றுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் அயற்சிற்றூர் ஒன்றிற்குச் சென்று, அங்குள்ள பொதுக்கிணற்றடியைத் துப்புரவு செய்தோம். பாசி தேய்த்து, வாய்க்கால் வெட்டி, வேப்பமர நிழலில் இளைப்பாறியபோது, தேநீர் கொணர்ந்த மூதாட்டி ஒருவர், “வாத்தியார், பிள்ளையள் கிணத்தடியைக் கண்ணாடி மாதிரி ஆக்கிப்போட்டுதுகள், நல்லாயிருக்கட்டும். ஆனால் உந்தத் தண்ணியைக் கைக்குழந்தைக்குக் குடுக்கலாமோ? காய்ச்சினால் போதுமோ?” எனக் கேட்டார். மாணவர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினர். நாமும் வாளாவிருந்தோம்.

விடை அவர்களுக்கு எட்டாததன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளில் தங்குவது. தோட்டங்களுக்கு இடும் உரத்தினின்றும் மலசலகூடக் குழிகளினின்றும் நைத்திரேற்று அந்நீரில் எளிதிற் கலக்கும். ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். காய்ச்சுதல் கிருமியைக் கொல்லும்; நைத்திரேற்றை நீக்காது. பரீட்சைத் தாளில் வினவியிருப்பின் நம் மாணவர் பிழையற எழுதியிருப்பர். கிணற்றடியில் ஒரு தாய் வினவியபோதோ, அது தாம் படித்த பாடமென்றே அவர்கள் அறிந்திலர்.

மறுமாதம் இரசாயன ஆசிரியரின் துணையோடு மீண்டுஞ் சென்றோம். நீரைப் பரிசோதித்தபோது அளவு வரையறையைக் கடந்திருந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு விண்ணப்பமும், ஊரவர்க்கு ஓர் அறிவித்தலும் எழுதும் பணி எம் தமிழ் வகுப்புக்கு வந்தது. அந்த மூதாட்டிக்கு விளங்க வேண்டுமென்பதற்காக மாணவர் அவ்வறிவித்தலை நான்கு முறை திருத்தி எழுதினர். எளிமையும் தெளிவும் எத்துணை அரியவை என்பதை எம் இலக்கண வகுப்புகளைக் காட்டிலும் அவ்வொரு தாளே அவர்களுக்கு நன்கு கற்பித்தது.

இவ்வழி புதியதன்று. 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, சமூகத்தாற் புறக்கணிக்கப்பட்டோர் வாழ்ந்த கனதொலுவ என்னுஞ் சிற்றூருக்குத் தம் மாணவரை அழைத்துச் சென்றார். ஊரவரோடு தங்கி, உழைத்து, அவர்தம் வாழ்வைக் கற்பதே நோக்கம். பின்னர் நாடெங்கும் பரவிய சர்வோதய சிரமதான இயக்கத்தின் வித்து அதுவே. 2024 இல் அவர் மறைந்தார். அவர் கற்பித்த பாடம் மறையவில்லை.

அப்பாடம் நமக்குத் தனியாக உரியது. எவர் அள்ளலாம், எவர் அள்ளலாகாது எனக் கிணற்றிலுஞ் சாதி பார்த்த நாடு நம்முடையது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் 1957 இல் வந்தது. ஆயினும், சட்டம் புகாத நெஞ்சினுள்ளும் ஒருங்கு வியர்த்த நட்பு புகும். தொண்டு என்பது மேலிருந்து இடும் பிச்சையன்று. அம்மூதாட்டி நம்மிடம் உதவி பெற்றார் என்பதினும், நாம் அவரிடம் வினாவொன்று பெற்றோம் என்பதே உண்மை.

‘பரீட்சை கெடுமே’ எனப் பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சத்தை நாம் எள்ளோம். பல்கலைக்கழக வாயில் எத்துணை ஒடுங்கியது என்பதை அறிவோம். நாம் வேண்டுவது தவணைக்கு இரண்டு சனிக்கிழமைகள் மாத்திரமே. பயன்படுத்திக் கற்றது மறவாது. ஆதலின் அந்நேரம் பரீட்சைக்கும் இழப்பன்று. ஆனால் ஒரு விதி வேண்டும்: பாடத்தோடு தொடர்பற்ற தொண்டுக்கும், புகைப்படத்தோடு முடியுந் தொண்டுக்கும் மாணவரை அழைத்தலாகாது.

பழைய மாணவர்காள்! உள்நாட்டிலும் கடல் கடந்தும் வாழும் நீவிர் கல்லூரிக்கு மண்டபமும் மதிலும் ஈந்துள்ளீர், நன்றி மறவோம். இம்முறை நீர்ப் பரிசோதனைக் கருவிகளையும், நும்முள் மருத்துவரும் பொறியியலாளரும் ஆகியோரின் சில சனிக்கிழமைகளையும் ஈக. மண்டபத்திற் பெயர் பொறிக்கலாம். கிணற்றிற் பொறிக்க இயலாது. ஆயினும், நன்னீர் அருந்தும் குழந்தையின் நலத்தில் நும் கல்லூரியின் பெயர் நிலைக்கும்.

ஒரு கையில் ஏடும் மறுகையில் உழவாரமுங் கொண்ட மாணவரை இக்கல்லூரி மேன்மேலும் ஈன்று நீடு வாழ்க!