வயிற்றுக்குள் ஒரு வளையம்: எடையைக் குறைத்த கேஸ்ட்ரிக் பேண்ட் ஏன் ஓரங்கட்டப்பட்டது?

இரைப்பையை வெட்ட வேண்டாம். குடலை மாற்றித் தைக்க வேண்டாம். வேண்டாம்னா கழற்றிக்கலாம். எடை குறைப்பு அறுவை சிகிச்சை என்றாலே பயப்படுகிறவருக்கு இதைவிட ஆறுதலான வார்த்தைகள் இருக்க முடியாது. 'அட்ஜஸ்டபிள் கேஸ்ட்ரிக் பேண்ட்' அப்படித்தான் மக்களிடம் கொண்டுபோகப்பட்டது. அமெரிக்காவில் 2001-ல் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. 2011-ல் அங்கே நடந்த எடை குறைப்பு அறுவை சிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த பேண்ட்தான். 2019-ல் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. எட்டே வருஷத்தில் என்ன ஆச்சு?

எப்படி வேலை செய்கிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையத்தை மாட்டுகிறார்கள். அதன் உள்பக்கம் பலூன் மாதிரி இருக்கும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்திருக்கும் 'போர்ட்' வரை வரும். அந்த போர்ட்டில் ஊசி போட்டு உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சி எடுத்தால் தளரும். அவ்வளவுதான் டெக்னிக்.

வளையம் சாப்பாட்டைத் தடுத்து நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சரியாக இறுக்கிய பேண்டின் வேலை அதுவல்ல. கொஞ்சமாக, மெதுவாக மென்று சாப்பிட்டாலே வயிறு நிறைந்த உணர்வைத் தருவதுதான் அதன் வேலை. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. இறைச்சியும் ரொட்டியும் மாட்டிக்கொள்ளும், ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் வழுக்கிக்கொண்டு போய்விடும். கலோரிக்கு அது கேட் போடாது!

பலன் இல்லையா? இருந்தது

2008-ல் வெளியான மெல்போர்ன் ஆய்வு ஒன்றில், டைப் 2 சர்க்கரை நோய் இருந்த 60 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், பேண்ட் பொருத்திய குழுவில் 73 சதவீதம் பேருக்கு நோய் தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதம்தான். சாதாரண வித்தியாசம் இல்லை இது. ஆனால் அந்த நோயாளிகளை ஒரு மருத்துவக் குழு இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நாள் ஆக ஆக வேறு முகம் தெரிந்தது. 12 வருடங்களும் அதற்கு மேலும் கழித்து 82 நோயாளிகளைப் பரிசோதித்த பெல்ஜிய ஆய்வு 2011-ல் வெளியானது. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பேண்டைக் கழற்ற வேண்டி வந்திருந்தது. வளையம் நழுவுவது, இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே இறங்குவது, மேல்பக்கப் பை வீங்குவது, போர்ட்டில் கசிவு என்று பிரச்சினைகள் பலவிதம். அமெரிக்காவின் மெடிகேர் திட்டத்தில் பேண்ட் பொருத்திக்கொண்ட சுமார் 25,000 பேரின் பதிவுகளை அலசிய 2017 ஆய்விலும், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மறு அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

'அட்ஜஸ்டபிள்' என்ற சொல்தான் சிக்கல்

கருவியை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. இறுக்கலாம், தளர்த்தலாம் என்றால், இறுக்கித் தளர்த்த ஒருவர் காலம் முழுக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்? விளம்பரங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லின. தெற்கு கலிபோர்னியாவில் நெடுஞ்சாலைப் பலகைகளில் பேண்டைக் கூவி விற்றவர்களுக்கு, ஆபத்துகளைச் சரியாகச் சொல்லவில்லை என்று 2011 டிசம்பரில் எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்ற கணக்கில் விற்கப்பட்டது, உண்மையில் அன்றைக்குத்தான் ஆரம்பமாகும் சிகிச்சை.

'கழற்றிக்கலாம்' என்பதும் பாதி உண்மைதான். கழற்றினால் பெரும்பாலும் எடை திரும்பி வரும், வளையம் இருந்த இடத்தில் தழும்பும் மிஞ்சும். கடைசியில் ஜெயித்தது, இரைப்பையின் முக்கால் பங்கையே வெட்டி எடுக்கும், திரும்பிப் போகவே முடியாத 'ஸ்லீவ்' முறை. அதில் இறுக்க, தளர்த்த எதுவும் இல்லை, பசியைத் தூண்டும் க்ரெலின் ஹார்மோனும் குறைகிறது. அதற்கும் வாழ்நாள் கண்காணிப்பு, சத்து மாத்திரைகள் உண்டு என்பது வேறு விஷயம்.

பேண்ட் இன்னும் உள்ளே இருப்பவர்கள் கவனத்துக்கு: எடை குறைந்துவிட்டது என்பதற்காக செக்-அப்பை விட வேண்டாம். வேலைக்காக ஊர் மாறினால், போகிற ஊரில் பேண்ட் அட்ஜஸ்ட் செய்யத் தெரிந்த டாக்டர் யார் என்பதை முதலில் விசாரித்து வைப்பது நல்லது. இரவில் விடாத இருமல், நெஞ்செரிச்சல், சாப்பிட்டதும் வாந்தி என்றால் வளையம் அதிகமாக இறுகியிருக்கலாம், நழுவியும் இருக்கலாம். ஆன்டாசிட் போட்டு நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். தண்ணீர் குடித்தால்கூட இறங்கவில்லை என்றால், நேரே எமர்ஜென்சிக்கு.