கூம்பு வைத்தால் குரல் வந்துவிடுமா?

போன கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம், ரமண நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் நண்பர் போன் செய்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "சார், நம்ம ஸ்பீக்கர் பெட்டி ரெண்டையும் புதுசாக்கிட்டேன். உடனே வாங்க, கேட்டுட்டுப் போகலாம்" என்றார். குரலில் பேரன் பிறந்த சந்தோஷம்.

அந்தப் பெட்டிகளை எனக்கு நன்றாகத் தெரியும். 1982இல் சென்னையில் வாங்கியவை. தேக்கு நிறப் பலகை, முன்னால் பழுப்புத் துணி. அவர் மனைவி இருந்தவரை, எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் ஓடாமல் அந்த வீட்டில் காலைக் காபி கிடையாது. 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட இசைத்தட்டு. அந்த அம்மாள் போன பிறகும் நண்பர் தட்டைத் தினமும் போடுவார். அது அவருக்கு வெறும் பாட்டு இல்லை.

போனேன். துணியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே இருந்த பத்து அங்குல வூஃபரையும் சின்ன ட்வீட்டரையும் காணோம். பலகையை அறுத்து ஓட்டையைப் பெரிதாக்கி, மேடைக் கச்சேரிக்கு வைக்கிற பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும் அதற்கு மேல் கறுப்பு பிளாஸ்டிக் கூம்பும் பொருத்தியிருந்தார்கள். தட்டைப் போட்டார். எம்.எஸ். அம்மா பாடினார். தீபத்தன்று பே கோபுரம் பக்கம் காணாமல் போன குழந்தையின் பெயரை மைக்கில் அறிவிப்பார்களே, அந்தக் குரலில் பாடினார்.

"எப்படி சார்?" என்றார்.

"சத்தம் நன்றாக இருக்கிறது" என்றேன். அதில் பொய் இல்லை.

"பழைய ஸ்பீக்கரெல்லாம் எங்கே?"

"செட் பண்ணின பையனே எடுத்துக்கிட்டான். பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்னு சொன்னான்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே மாதிரி பெட்டிகள் நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இன்னும் இருக்கின்றன. அதே மாதிரி ஆலோசனையும் எல்லா வீட்டு வாசலுக்கும் வருகிறது. "அங்கிள், இது பழைய காலத்து சாமான். ஹாரன் போட்டால் சும்மா தெறிக்கும்." தெறிக்கத்தான் செய்யும். வீட்டில் பாட்டுக் கேட்கிறவனுக்கு எதற்குத் தெறிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். பழைய வீட்டு ஸ்பீக்கரில் புதுக் கூம்பும் புது டிரைவரும் மாட்டுவது, பத்தில் ஒன்பது வீட்டில் இல்லாத நோய்க்குச் செய்கிற ஆபரேஷன்.

கூம்பின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நம் நாகஸ்வரத்தின் அடியில் இருக்கும் அணசு ஒரு கூம்புதான். கிராமபோன் காலத்திலும் கூம்புதான் பேசியது. ஒரு சின்னத் தகடு திறந்த வெளிக் காற்றைத் தள்ளினால் பெரும்பாலான உழைப்பு வீணாகப் போகும். குறுகிய கழுத்தில் தொடங்கி மெல்ல விரியும் வாய் ஒன்றை முன்னால் வைத்தால், தகட்டின் அசைவு காற்றில் நன்றாக ஏறும். டூரிங் டாக்கீஸ் கொட்டகையிலும் அரசியல் மேடையிலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் குழாய் ஸ்பீக்கர் வந்தது இதனால்தான். சக்தி குறைந்த ஆம்ப்ளிஃபையரை வைத்து ஊரையே கேட்க வைக்கலாம். பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டுமா, கூம்புதான் சரி. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நான் ஒருவன் உட்கார்ந்து ஆலாபனை கேட்க வேண்டுமானால் கணக்கு வேறு.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். தொலைபேசித் துறையில் முப்பது வருஷம் டெசிபலோடு குடும்பம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். டெசிபல் என்ற அளவே தொலைபேசிக் கம்பிக்காகப் பிறந்தது. அதில் ஒளிந்திருக்கும் 'பெல்', அலெக்சாண்டர் கிரகாம் பெல்தான்.

அந்தக் காலத்து வீட்டு வூஃபருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் சுமார் 88 முதல் 90 டெசிபல் வரும். கம்ப்ரெஷன் டிரைவர் மாட்டிய கூம்புக்கு அதே ஒரு வாட் கொடுத்தால் 105 டெசிபல் வரை போகும். பதினைந்து டெசிபல் வித்தியாசம் என்றால் ஏதோ கொஞ்சம் என்று நினைக்காதீர்கள். சக்திக் கணக்கில் அது முப்பது மடங்கு. ஒரே வண்டியில் யானையையும் ஆட்டுக்குட்டியையும் பூட்டுவது போல. கூம்பின் பங்கை மின்தடை வைத்துக் குறைத்தால்தான் இரண்டும் சேர்ந்து நடக்கும். குறைத்த பிறகு, அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அந்தக் கூடுதல் திறமை சூடாகிப் போகிறது. குறைக்காமல் விட்டாலோ, வயலினும் தாளமும் முன்னால் வந்து காதைக் குத்தும். மிருதங்கத்தின் தொப்பி அடுத்த தெருவில் கேட்கும். என் நண்பர் வீட்டில் நடந்தது இந்த இரண்டாவது. பல இடங்களில் கிராஸ் ஓவர் கூடப் போடாமல், பீசோ ட்வீட்டர் ஒன்றை நேராகக் கம்பியில் இணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது கண்டென்சர் மாதிரி நடந்துகொள்வதால் தாழ்ந்த ஸ்வரத்தில் எரிந்துபோகாது. அதுதான் வேலை செய்கிறவருக்கு வசதி. கேட்கிறவருக்கு?

இன்னொரு கணக்கு அளவு. கூம்பு ஒரு ஸ்வரத்தை ஒழுங்காகத் தாங்க வேண்டுமென்றால் அதன் வாயின் சுற்றளவு ஏறக்குறைய அந்த ஒலியின் அலைநீளம் அளவு இருக்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 34 சென்டிமீட்டர், உள்ளங்கை அகல வாய் போதும். 100 ஹெர்ட்ஸுக்கு 3.4 மீட்டர். வாயின் குறுக்களவே ஒரு மீட்டருக்கு மேல் வரும். ஆகவே பெட்டிக்குள் மாட்டும் கூம்பு மேல் ஸ்வரங்களுக்கு மட்டும்தான். ஆண் குரலின் அடித்தளமும் தம்புராவின் மந்தரமும் வூஃபரை நம்பித்தான் இருக்கின்றன.

அந்த வூஃபரையும் அல்லவா கழற்றிவிட்டார்கள்! ஸ்பீக்கர் செய்கிறவர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான தாழ் ஒலி, குறைந்த வாட்டில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1946இல் அறை மூலையில் நிறுத்தும் பெரிய கூம்புப் பெட்டி செய்தார். தாழ் ஒலியும் சத்தமும் வந்தன, பெட்டி பீரோ மாதிரி ஆனது. எட்கர் வில்ச்சர் 1954இல் மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்து ஆழமான தாழ் ஒலியைக் கொண்டுவந்தார். அதற்கு ஈடாகச் சத்தத்தை விட்டுக்கொடுத்தார். நம் வீடுகளில் இருக்கும் மூடிய பெட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வம்சம். அவற்றின் வூஃபர் தொளதொளவென்று, மெல்ல அசைந்து மூச்சுவிடும். மேடை ஸ்பீக்கரோ விறைப்பானது. மைதானத்துக்காகப் பிறந்தது. அதைக் கொண்டுவந்து சின்ன மூடிய பெட்டியில் அடைத்தால் இன்னும் விறைக்கும். தாழ் ஒலி போயே போய்விடும். பாரி நாயனத்தில் திமிரியின் அணசை மாட்டி வாசிக்கச் சொன்னால் எந்த வித்வானாவது சம்மதிப்பாரா?

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் சொன்னான்: "அப்பா, இப்ப வர்ற கூம்பெல்லாம் பழைய குழாய் மாதிரி கிடையாது. கம்ப்யூட்டர்ல வடிவம் போட்டுச் செய்றாங்க. நம்ம வீட்ல மொசைக் தரை, வெறும் சுவர், எல்லாம் எதிரொலிக்கும். கூம்பு சத்தத்தைச் சிதறவிடாம நேரா கேக்கறவங்க பக்கம் அனுப்பும். அதனால தெளிவு கூடும்." இது நியாயமான பேச்சு. பன்னிரண்டு அங்குல வூஃபருக்குப் பொருத்தமான கூம்பைத் தேர்ந்தெடுத்து, இரண்டும் கைமாறும் இடத்தில் பரவும் கோணத்தைச் சமன் செய்து, மைக் வைத்து அளந்து, அதற்கென்றே கிராஸ் ஓவர் செய்து முடித்தால் அருமையான ஸ்பீக்கர் கிடைக்கும். உலகத்தில் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய டிரைவரின் காயில் எரிந்து, மாற்றும் கிடைக்காது என்றால் அந்த வழியில் போவதில் தப்பே இல்லை. ஆனால் நம் வீட்டு வாசலுக்கு வருகிற பையன் மைக்கோடு வருவதில்லை. ரம்பத்தோடு வருகிறான். அளக்காமல் அறுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சரி, "முன்னே மாதிரி கேக்கலையே, மங்கலா இருக்கே" என்கிறீர்களா? மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலாவது, கண்டென்சர். பழைய கிராஸ் ஓவரில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் முப்பது நாற்பது வருஷத்தில் காய்ந்துவிடும். ட்வீட்டருக்குப் போகிற வழி அடைபடும். என் பெட்டிகளுக்கு இதேதான் வந்தது. ட்வீட்டர் செத்துவிட்டது என்றே நினைத்தேன். ரிச்சி தெருவிலிருந்து அதே மதிப்புள்ள ஃபிலிம் கண்டென்சர்கள் வரவழைத்து, இங்கேயே ஒருவரிடம் கொடுத்துப் பற்றவைத்தேன். இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஐநூறு ரூபாய் ஆகவில்லை. மறுநாள் தாளச் சத்தம் திரும்பி வந்தது.

இரண்டாவது, கோனைச் சுற்றியிருக்கும் வளையம். அது நுரை ரப்பராக இருந்தால் பதினைந்து இருபது வருஷத்தில் உதிர்ந்துவிடும். விரல் பட்டாலே பொடியாகும். வளையத்தை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கரை மாற்ற வேண்டியதில்லை. துணி வளையமாக இருந்தால் அது நம்மையும் தாண்டி வாழும். காயில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒன்றரை வோல்ட் பேட்டரியை வூஃபரின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டுக்' என்று கோன் அசைந்தால் உயிர் இருக்கிறது. ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள். அதற்கு மல்டிமீட்டர் போதும். எட்டு ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டரில் ஆறு ஓம் பக்கம் காட்டும். பயப்பட வேண்டாம், அதுதான் சரி.

மூன்றாவதைச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். நம் காது. வயதாக ஆக மேல் ஸ்வரங்கள்தான் முதலில் மங்கும். எந்தக் கூம்பு வைத்தாலும் அது திரும்பாது. அதோடு இன்னொரு விசித்திரம் உண்டு. மெல்லிய சத்தம் கேட்காத அதே காதுக்குப் பெரிய சத்தம் பொறுக்காது. "சத்தமாப் பேசு" என்பதும் "ஏன் கத்தறே" என்பதும் ஒரே நிமிஷத்தில் நம் வாயிலிருந்து வருகிறதே, அது இதனால்தான். மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை அதிகக் கூர்மை. மலிவான கூம்பு கூவுவதும் அங்கேதான். ஆகவே அது வாலிபனைவிட நம்மைத்தான் அதிகம் வருத்தும்.

மெதுவாக வைத்துக் கேட்டால் தாழ் ஒலி குறைவாகத் தெரிவதும் காதின் இயல்புதான். ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே அதை அளந்து சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் பழைய ஆம்ப்ளிஃபையரில் 'லவுட்னஸ்' என்று ஒரு பித்தான் வைத்தான். நாற்பது வருஷமாக அதைத் தொடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? இன்று தொட்டுப் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை.

மெதுவாகக் கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. சட்டத்தை விடுங்கள். இந்த ஆசிரமத்துப் பக்கம் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து உட்காருவது எதற்காக? சாயங்காலப் பாராயணம் முடிந்த பிறகு மலை அடிவாரத்தில் மயில் கூவுவது மட்டும் கேட்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக. தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் ஊர் கூம்புகளைப் பொறுத்துக்கொள்கிறோம். வீட்டுக்கு வீடு ஒன்று வேண்டுமா?

பத்து நாள் கழித்து நண்பரிடம் உண்மையைச் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் முதல் நாளே தெரிஞ்சுது சார். செலவு பண்ணிட்டோமேன்னு ஒத்துக்க மனசு வரலை" என்றார். இருவரும் அந்தப் பையனைத் தேடிப் போனோம். வூஃபர்களை உடைத்துக் காந்தத்தைத் தனியாக விற்றுவிட்டிருந்தான். அவன் மேல் தப்பில்லை. அவனிடம் யாரும் வேறு மாதிரி சொன்னதில்லை.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் நண்பர் விடியற்காலையில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். தட்டைத் துணிப்பையில் அவரே கொண்டுவருவார். ஐந்தரை மணிக்கு மெதுவாக வைத்துக் கேட்போம். முடிந்த பிறகுதான் காபி.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்க யாராவது வந்தால் முதலில் கண்டென்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் புதிதாகத்தான் மாட்டுவேன் என்றால் பலகையை அறுக்க விடாதீர்கள். கழற்றிய பழைய ஸ்பீக்கரைத் துணியில் சுற்றிப் பரண் மேல் வையுங்கள். பையனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.