செத்த பாட்டரியும் உழைப்பாளியின் சைக்கிளும்

1991-92இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, உழைக்கும் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றார்கள். கல்குவாரிப் பெண்கள் சைக்கிளில் வேலைக்குப் போனதை நாடே பார்த்தது. இன்று அதே சைக்கிளுக்கு மின்மோட்டார் வந்துவிட்டது. பாட்டரியின் விலைதான் கூலிக்காரன் கைக்கு எட்டவில்லை. பழைய லாப்டாப் செல்களைப் பிரித்து நாமே பாட்டரி கட்டினால் என்ன என்று நம் வீட்டு இளைஞர்கள் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய லாப்டாப்புகளில் எத்தனையோ இன்று பரணில் கிடக்கின்றன. ஒரு லாப்டாப் பாட்டரிக்குள் பெரும்பாலும் ஆறு செல்கள். ஒன்றிரண்டு நலிந்தாலே முழுப் பாட்டரியும் செத்ததென்று கழிக்கப்படுகிறது. மிச்சத்தில் உயிர் இருக்கிறது. 2014இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய ஆய்வாளர்கள் இத்தகைய செல்களால் பெங்களூரில் விளக்கெரித்துக் காட்டினார்கள்.

ஆனால் விளக்கு வேறு, வண்டி வேறு. செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட். நான்கு நான்காகச் சேர்த்த பத்துக் கட்டுகளை வரிசையாக இணைத்தால் 36 வோல்ட். ஆக 40 செல். அத்தனையையும் ஒவ்வொன்றாக அளந்து, ஒத்தவற்றையே சேர்க்க வேண்டும். பத்துப் பேர் தூக்கும் பாரத்தில் நோயாளி ஒருவன் இருந்தால் முதலில் சாய்பவன் அவனே, செல்லும் அப்படித்தான். ஈயப்பற்று வைத்துச் சுட்டால் செல் கெடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏறினால் தீ அபாயம். அதைத் தடுக்கும் பி.எம்.எஸ். பலகை இல்லாமல் பாட்டரி கட்டவே கூடாது.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்வண்டி தீப்பற்றி, புகையில் தந்தையும் மகளும் மாண்டார்கள். அது கம்பெனியில் செய்த வண்டி. கூரை வீட்டில், கைக்கட்டுப் பாட்டரியை இரவு முழுதும் சார்ஜ் போட்டால் என்ன ஆகும்?

"அப்படியானால் தடை செய்துவிடலாமே" என்பார் சிலர். தடை போட்டால் பழைய பாட்டரி மறைந்துவிடுமா? காயலான் கடையில் ஏழைப் பையன் சுத்தியலால் உடைப்பான். தீயும் நஞ்சும் அவனுக்கு!

2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட பாட்டரிக் கழிவு விதிகள், பழையதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் அல்லது புதுப்பிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்திருக்கின்றன. அந்தப் பொறுப்பு காகிதத்தோடு நிற்கக் கூடாது. நம் ஊர்வரை வர வேண்டும். அரசு ஐ.டி.ஐ.களில் செல் சோதிக்கும் கருவி வேண்டும். பாட்டரி கட்டும் பயிற்சி வேண்டும். கட்டியதைப் பரிசோதித்துச் சான்று தர ஆள் வேண்டும். இவற்றைக் கேட்போம். அதுவரை இளைஞர்களே, பயிற்சியில்லாமல் வீட்டுக்குள் செல்லைப் பிரிக்காதீர்கள். சைக்கிள் பழகியதுபோல் இதையும் பழகலாம். ஆனால் தெரிந்தவர் கைபிடித்துச் சொல்லித்தர வேண்டும்.