‘எஞ்சினை இறக்கணும்’ என்கிறார்களா? முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள்!

காலையில் சாவியைத் திருப்பினால் ‘கடகட’வென்று சத்தம். பதறிப்போய் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அங்கே எஞ்சின் கப்சிப். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய கார் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான கதை இது. இதில் மாயம் ஒன்றுமில்லை. வொர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடுகிறது; சூடானதும் சத்தம் அடங்கிவிடுகிறது. ‘குளிர்ந்திருக்கும்போது மட்டும் வருகிறது’ என்பதே கோளாறைக் கண்டுபிடிப்பதில் பாதி விடை.

அந்தப் பாதி விடை கையில் இல்லாவிட்டால் செலவு எகிறும். பெல்ட்டை மாற்றினால் தீர வேண்டிய சத்தத்துக்கு, ‘எஞ்சினை இறக்கணும் சார்’ என்ற பதில் கிடைக்கலாம். இல்லையென்றால், உடனே நிறுத்தியிருக்க வேண்டிய வண்டி, ‘பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்’ என்ற சமாதானத்தில் மேலும் ஓட்டப்பட்டு மொத்தமாகப் படுத்துவிடலாம்.

முதல் வேலை, ஆயில்!

எந்தச் சத்தமாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது டிப் ஸ்டிக். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மீண்டும் விட்டு எடுக்க வேண்டும். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். தேய்ந்த எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். அடுத்த சர்வீஸ் தேதி வரும்வரை அளவு குறையாமல் இருக்கும் என்று நம்பக்கூடாது.

ஓடும்போது டேஷ்போர்டில் ஆயில் கேன் வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால், ‘அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம்’ என்ற நினைப்பே வேண்டாம். ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வதுதான் லாபம்.

சத்தம் எப்போது வருகிறது?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு விநாடிகள் மட்டும் ‘டிக் டிக்’ என்று கேட்டு நின்றுவிட்டால், அது பெரும்பாலும் டேப்பட் சத்தம். இரவில் கீழே வடிந்த ஆயில் மீண்டும் மேலே ஏறும்வரை வருவது. பயப்பட அவசியமில்லை. அதே ‘டிக் டிக்’ சில நிமிடங்கள் நீடித்து, சூடேறச் சூடேறக் குறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைப்பதால் சத்தம் குறைகிறது.

குளிர் ஸ்டார்ட்டில் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து சங்கிலியை உலுக்குவது போன்ற ‘கடகட’ கேட்டால், டைமிங் செயினைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா எனப் பல கார்களில் வந்த 1248 சிசி டீசல் எஞ்சின் செயினில் ஓடுவதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததோடு மாருதி டீசல் கார்களைக் கைவிட்டதால், இன்று ஓடும் ஸ்விஃப்ட் டீசல் எதுவும் புதிய வண்டி அல்ல. இந்த எஞ்சினில் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் முதலில் அடிவாங்குவது இதுவாக இருக்கலாம். செயின் பல் தாண்டினால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறாக, எஞ்சின் சூடான பிறகு அடிப்பகுதியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாகக் கேட்டு, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது அதிகமானால், கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் ஆயில் இளகுவதால் இந்தச் சத்தம் கூடுகிறது. இதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

எதைச் செய்தால் மாறுகிறது?

ஏசியைப் போட்டால் வந்து, அணைத்தால் போகும் சத்தம் கம்ப்ரஸர் பக்கத்தைக் காட்டும். கிளட்சை மிதித்தால் ‘கொர்’ என்று வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்றுபோனால் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ‘கிரீச்’ சத்தம் வரும் பெல்ட்டின் உள்பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் சிறிது தண்ணீர் தெளித்ததும் சத்தம் மாறினால், கோளாறு பெல்ட்டிலோ புல்லியிலோதான். தகரம் அதிர்வது போன்ற சலசலப்பு என்றால், சைலன்சர் அருகே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருக்கலாம். ஒரு கிளாம்ப்பில் தீர்ந்துவிடும்.

பானெட்டைத் திறந்து பார்க்கும்போது வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி, திறந்த வெளியில் இருக்க வேண்டும். துப்பட்டா, தலைமுடி, கை எதுவும் பெல்ட் அருகே போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் சுற்றத் தொடங்கலாம்.

செல்போனில் பதிவு செய்யுங்கள்

சத்தம் வரும் நேரத்தில் அரை நிமிட வீடியோ எடுத்துக்கொள்வது பெரிய உதவி. ‘ஏதோ சத்தம் வருது’ என்பதைவிட, ‘காலை முதல் ஸ்டார்ட்டில் மூன்று விநாடி, பெல்ட் பக்கம், கடகடவென்று வருது’ என்று சொன்னால் மெக்கானிக்கின் தேடல் பாதியாகக் குறையும். முடிந்தால் முந்தைய இரவே வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, காலை ஸ்டார்ட்டை அவரையே கேட்கச் சொல்லலாம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் இதே பாடம்தான். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால், செயின் சத்தம் கேட்காமலே போய்விடும். கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தால் பேரிங் சத்தமும் அமுங்கிக் கிடக்கும். எனவே காரைப் பார்க்கப் போனதும் முதலில் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விலை பேசாமல், ‘நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.